மார்க்கெட்ரி இதழ்கள் விழுந்த டைனிங் டேபிள்: கனமும் நிழலும் பொருந்த வழி சொல்லுங்கள்

வணக்கம். வால்நட் வெனீர் (மெல்லிய மரத்தகடு) போட்ட பழைய டைனிங் டேபிள். நடுவில் மார்க்கெட்ரியாக, அதாவது வெனீர் துண்டுகளை வெட்டிப் பதித்துச் செய்த பூங்கொத்தில் மூன்று இதழ்கள் விழுந்துவிட்டன, ஒரு இலை எழும்பி நிற்கிறது.

இலை பெரிய வேலையில்லை. பழைய பசை வஜ்ஜிரம்தான் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை); வெந்நீர் பட்டதும் பிசுபிசுக்கிறது. புது வஜ்ஜிரத்தை 60 டிகிரிக்கு மேல் போகாமல் உருக்கி (அதிகம் சூடானால் பிடிப்பு குறையும்), மெல்லிய கத்தியால் உள்ளே செலுத்தி, மெழுகுத்தாளும் பலகையும் வைத்து ஒரு நாள் கிளாம்ப் போடலாம். வெள்ளைப் பசையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள், பிறகு பிரிப்பது பெரும்பாடு.

சிக்கல் இதழ்களில்தான். பழைய வெனீர் ரம்பத்தில் அறுத்தது, 1.5 மி.மீ. கனம். கடையில் கிடைப்பது 0.6 மி.மீ. ஒரே ரேகைத் திசையில் இரண்டு அடுக்கு ஒட்டி, மீதியை அடியில் நிரப்பினால் நாளடைவில் எழும்புமா? கட்டையிலிருந்தே அறுப்பது மேலா?

அடுத்தது நிழல், அதாவது இதழ் ஓரத்தில் கொண்டுவரும் கருமை. சூடான மணலில் ஓரத்தைச் செருகிக் கருக்கும்போது ஈரம் வற்றி இதழ் சுருங்குகிறது. பொருத்தினால் சுற்றிலும் மயிரிழை இடைவெளி. ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டு, கருக்கிய பின் செதுக்குகிறீர்களா? அப்படியானால் கருத்த விளிம்பே போய்விடுமே. கருக்கியதும் ஈரத்துணியில் வைத்து விரியவிடுபவர்கள் எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்?

மேசை முழுவதும் உப்புத்தாள் போடும் யோசனை வேண்டாம். வெளிச்சத்தில் பழுத்த நிறம் மேல்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் திரும்பாது. ஷெல்லாக்குக்கு (அரக்கு மெருகு) முன் புது இதழை மட்டும் அந்த நிறத்துக்குக் கொண்டுவர என்ன சாயம் பூசுகிறீர்கள்?