கடல் முள்ளெலி (sea urchin) பற்றித் தெரிந்தவர்கள் மாட்டுங்கா, சயான் பக்கம் யாராவது?

வணக்கம். தாராவியில் மாலையில் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் உயிரியல் சொல்லித் தருகிறேன். நான் படித்தது வணிகவியல், அதுதான் சிக்கல்.

போன வாரம் கடல் விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றிப் பேசும்போது ஒரு பெண் கேட்டாள்: "எல்லாம் ஒரே தண்ணியில முட்டையும் விந்தும் விடுதே, மாறிப் போகாதா மிஸ்?" அன்று சமாளித்துவிட்டு வீட்டில் தேடிப் படித்தேன். கடல் முள்ளெலியின் விந்தணு, முட்டையைச் சுற்றிய ஜெல்லியைத் தொட்டதும் அதன் முனை வெடித்து 'பைண்டின்' என்ற புரதம் வெளியே வருகிறதாம். 1977இல் பிரித்தெடுத்திருக்கிறார்கள். முட்டையின் மேலுறையில் இருக்கும் ஏற்பியில் (அதைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறில்) அது ஒட்டிக்கொள்கிறது.

அபலோன் நத்தையின் கதை இன்னும் அழகு. கலிபோர்னியா கரையில் பல அபலோன் இனங்கள் ஒரே கடலில் வாழ்கின்றன. அவற்றின் விந்தணுவில் உள்ள 'லைசின்' என்ற புரதம் முட்டையுறையை வெட்டுவதில்லை, அது நொதியே இல்லை. உறையின் 'வெர்ல்' இழைகளைப் பிடித்து, பூச்சரத்தின் முடிச்சை அவிழ்ப்பதுபோல் பிரித்து வழி செய்கிறது. தன் இனத்து உறையில்தான் இது நன்றாக நடக்கும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்: முள்ளெலியில் இனத்தை அடையாளம் காண்பது பைண்டின் மட்டுமா, ஜெல்லிக்கும் பங்கு உண்டா? விலங்கியல் படித்தவர்கள் ஒரு ஞாயிறு மாலை வந்து விளக்க முடியுமா? டீயும் வடையும் என் பொறுப்பு.

தூத்துக்குடி, ராமேஸ்வரம்காரர்களே, முள்ளெலிக்கு உங்கள் ஊர்ப் பேர் என்ன? கமெண்டில் போடுங்கள்.