30 கிலோ செம்பு உருக்கினால் பதினாறரை கிலோதான் தேறுகிறது: நீரால் குளிரும் அச்சில் எங்கே பிழை?

வாழைச்சேனை உலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், வாழைச்சேனையில் சிறிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பு படகுகளுக்குத் தேவையான பித்தளைப் புஷ், வால்வு என்று மணல் அச்சில் வார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடமாகக் கல்முனைப் பக்கக் கடைசல் பட்டறைகளுக்குச் செம்பு உருளைக் கட்டிகள் கொடுக்கிறேன். அதற்காகவே நீர் ஓடும் அச்சு இரண்டு செய்தேன். தடித்த இரும்புக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாயை வெல்டிங் செய்து, இடையில் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறேன். உட்புற விட்டம் 75 மி.மீ., உயரம் 350 மி.மீ. நீர் கீழே நுழைந்து மேலே வெளியேறுகிறது. உலை கழிவு எண்ணெயில் எரிகிறது. உருக்குவது பெரும்பாலும் உறை உரித்த பழைய மின்கம்பி.

கணக்கு இதுதான். ஒரு தடவைக்கு மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) 30 கிலோ போடுகிறேன். ஒவ்வொரு கட்டியிலும் தலைப்பக்கம் 80 மி.மீ., அடிப்பக்கம் 20 மி.மீ. வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மேற்பரப்பு முழுவதும் ஊசித்துளை. சுற்றிலும் 3 மி.மீ. சீவினால்தான் சுத்தமான உலோகம் தெரிகிறது. கடைசியில் மிஞ்சுவது விட்டம் 69, நீளம் 250. ஒன்று 8.3 கிலோ, இரண்டும் சேர்த்து 16.6 கிலோ.

கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் கொஞ்சம் பரவாயில்லை. மாரி தொடங்கிவிட்டால் துளைகள் பெருகிவிடுகின்றன. அச்சுக்குள் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுகிறேன். வெப்பமானி கிடையாது, நிறம் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். இந்தக் கழிவைக் குறைக்க வழி இருக்கிறதா?

மட்டுநகர் மின்வினைஞன்

எண்ணெய் உலையை விட்டுவிட்டு மின்சாரத்தில் உருக்கும் இண்டக்சன் உலை வாங்குங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

வாழைச்சேனை உலைக்காரன்

அந்தப் பணம் கையில் இருந்தால் நான் ஏன் கழிவைப் பற்றிக் கவலைப்படுகிறேன்?

பித்தளைப் பேரன்

தம்பி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குத்துவிளக்கும் குடமும் வார்த்தார்கள். நான் கடைசி ஆள். உலையை மாற்ற வேண்டாம், முதலில் கழிவை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். வெட்டிய தலை, அடி, சீவல் எல்லாம் மறுபடியும் மூசைக்குள் வருபவை. அவற்றால் எண்ணெய்ச் செலவும் நேரமும்தான் போகின்றன. திரும்பி வராதது எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் இரண்டு அச்சுகளிலும் நிரம்புவது ஏறக்குறைய இருபத்தேழரை கிலோ. அப்படியானால் மீதி இரண்டரை கிலோ கசடாகவும் சிந்தலாகவும் போகிறது. உண்மையான நட்டம் அதுதான். கசடைக் குப்பையில் கொட்டுகிறீர்களா? இடித்து, பொற்கொல்லர் பட்டறைத் தூசியைக் கழுவுவது போலத் தட்டில் அரித்துப் பாருங்கள். மிளகு அளவில் செம்பு மணிகள் அடியில் தங்கும்.

இனி ஒரு கேள்வி. கட்டியின் தலை உறையும்போது குழிகிறதா, தட்டையாக நிற்கிறதா, பொங்குகிறதா? வெட்டிய தலை ஒன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

வாழைச்சேனை உலைக்காரன்

ஐயா, இரண்டு தலைகளை அறுத்துப் பார்த்தேன். ஒன்று கச்சான் காலத்தில் வார்த்து மூலையில் கிடந்தது. அதன் நடுவில் புனல் போல ஆழமான குழி. மேலே ஒரு மெல்லிய மூடி உறைந்திருக்கிறது. அதற்குக் கீழே 70 மி.மீ. வரை வெற்றிடம் ஊசிபோல இறங்குகிறது. குழியின் சுவர் பளபளவென்று இருக்கிறது, உள்ளே சின்னச் சின்ன மரக்கிளைகள் போல உலோகம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மற்றது போன கிழமை வார்த்தது. மேலே பூரி போல உப்பி நிற்கிறது. குழி இல்லாததால் நல்ல வார்ப்பு என்று மகிழ்ந்துபோயிருந்தேன். அறுத்தால் உள்ளே தேன்கூடு!

பித்தளைப் பேரன்

அந்த மகிழ்ச்சியில் ஏமாந்தவர்கள் பலர். செம்பு உறையும்போது கனவளவில் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு சுருங்கியே ஆக வேண்டும். குழி விழவில்லை என்றால் அந்த இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது என்று பொருள். நிரப்பியது வாயுக் குமிழ். உருகிய செம்பில் ஐதரசனும் ஒட்சிசனும் கரைந்திருந்தால், உறையும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து நீராவியாகி உள்ளேயே அகப்பட்டுக்கொள்கின்றன. எங்கேயோ ஈரம் நுழைகிறது. குழி விழும் கட்டி உண்மை பேசும் கட்டி. அதன் குழியை மேலே தள்ளிவிட வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்.

கல்முனைக் கடைசல்

இந்தத் தம்பியின் கட்டிகளைச் சீவுவது நான்தான். ஊசித்துளைகள் தோலோடு ஒட்டியே இருக்கின்றன. 2 மி.மீ. கடந்தால் மறையத் தொடங்கும். தலைப்பகுதியில் மட்டும்தான் உள்ளுக்குள்ளும் இருக்கும். என் அனுபவத்தில் இது இரண்டு வேறு நோய். தோலில் வருவது அச்சுச் சுவரிலிருந்து வருகிறது.

தம்பி, நான் போன மாதம் உங்கள் பட்டறைக்கு வந்தபோது தண்ணீர்த் தாங்கிக்குள் ஐஸ் கட்டி மிதந்ததே, அதை ஏன் எழுதவில்லை?

வாழைச்சேனை உலைக்காரன்

நானா, அது பெரிய விடயம் என்று நினைக்கவில்லை. இங்கே மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. அச்சு எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகக் கட்டி உறையும், துளை குறையும் என்று நினைத்து 1000 லீட்டர் தாங்கியில் இரண்டு கட்டி போடுகிறேன். ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே நீரை ஓடவிடுகிறேன், அச்சு நன்றாகக் குளிரட்டும் என்று.

ஒலுவில் பொறியியல்

பிடிபட்டுவிட்டது! நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்தவன். கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் ஐஸை நிறுத்தச் சொன்னால் நீங்கள் எளிதில் நம்பமாட்டீர்கள்.

1180 பாகை செல்சியஸில் ஊற்றிய ஒரு கிலோ செம்பு உறைந்து 300 பாகைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. உறையும்போது மட்டும் வெளியேறுவது அதில் 205. உங்கள் இரண்டு கட்டிகளும் சேர்ந்து 16,000 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீட்டர் நீர் ஒரு பாகை சூடேற 4.2 கிலோஜூல் வேண்டும். ஆகவே அந்த 1000 லீட்டர் தாங்கி, முழு வார்ப்பையும் விழுங்கிய பிறகு, 4 பாகைகூடச் சூடேறாது. கிணற்று நீர் 28 பாகையில் தொடங்கினால் 32-இல் முடியும்.

விரைவாக உறையுமா என்ற கேள்விக்கும் பதில் இதே மாதிரிதான். செம்பு 1085 பாகையில் உறைகிறது. நீர் 12 பாகையாக இருந்தாலும் 40 பாகையாக இருந்தாலும் வெப்பநிலை வேறுபாடு ஆயிரத்துக்கு மேல். இரண்டுக்கும் இடையில் 3 சதவீத வித்தியாசம்கூட இல்லை. போதாததற்கு, தோல் உறைந்தவுடன் கட்டி சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதன்பிறகு அந்த மயிரிழை இடைவெளிதான் தடை, நீரின் குளிர் அல்ல.

ஐஸ் செய்யும் ஒரே வேலை அச்சை வியர்க்க வைப்பது. காற்று 30 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிர்பானப் போத்தலின் வெளிப்புறத்தைப் பாருங்கள். உங்கள் அச்சின் உட்புறமும் அப்படித்தான். எண்ணெய் பூசியிருப்பதால் துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய்க்கு அடியிலும் இடையிலும் நிற்கும். அதன்மேல் உருகிய செம்பு விழுகிறது. ஊசித்துளையோடு முடிந்தது உங்கள் நல்ல காலம். அடியில் ஒரு கரண்டி நீர் தேங்கியிருந்தால் செம்பு வெடித்து மேலே தெறித்திருக்கும்.

வாழைச்சேனை உலைக்காரன்

இதை வாசித்தவுடன் உலையைப் பற்றவைக்காமல் தாங்கி நீரை மட்டும் ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து அச்சுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். பிழியும் அளவுக்கு இல்லை, ஆனால் துணி நனைந்துதான் வந்தது. கை நடுங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக மூத்த மகன் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்திருக்கிறான்.

அப்படியானால் நீரை எப்போது திறப்பது?

ஒலுவில் பொறியியல்

நீர்க்கூடு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், ஆனால் நீர் அசையாமல் நிற்கட்டும். ஊற்றுவதற்குச் சற்று முன் எரிவாயுத் தீயை அச்சுக்குள் காட்டி, கைக்கு வெதுவெதுப்பாகும் வரை உலர்த்துங்கள். செம்பு விழத் தொடங்கும்போது குழாயைத் திறந்துவிடுங்கள். வெறும் நீர்க்கூட்டோடு ஊற்றிவிட்டுப் பிறகு நீர் விடும் எண்ணம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். கொதிக்கச் சூடேறிய இரும்பில் நீர் பட்டால் நீராவி கூட்டையே பிளந்துவிடும். வெல்டிங் தையல்களை மாதம் ஒருமுறை அழுத்தம் கொடுத்துக் கசிவு பாருங்கள்.

கல்முனைக் கடைசல்

இன்னொன்று. இரண்டாம் அச்சில் வார்த்த கட்டிகளில் ஒரு பக்கம் மட்டும் தோல் கரடுமுரடாக இருக்கிறது. உங்கள் கிணற்று நீர் உவர் அல்லவா? அந்தப் பக்கம் சுண்ணப் படிவு தடித்திருக்கும்.

வாழைச்சேனை உலைக்காரன்

சரிதான் நானா. கழற்றிப் பார்த்தேன், முட்டை ஓடு போல இருந்தது. வினாகிரி விட்டு ஊறவைத்திருக்கிறேன். இனித் தாங்கிக்கு மழைநீர்தான்.

பித்தளைப் பேரன்

நல்லது. இப்போது தலைக்குழிக்கு வருவோம். குளிர்ந்த சுவர் தலையையும் சீக்கிரம் மூடிவிடுகிறது. உள்ளே இன்னும் உருகிய நிலையில் இருக்கும்போது மேலே கதவு சாத்தப்படுகிறது. அந்தக் கதவைக் கடைசிவரை திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இரகசியம். அச்சின் மேல் 40 மி.மீ. பகுதிக்குள் இறங்கும்படி, உட்புற விட்டம் 55 மி.மீ. வரும் வளையம் ஒன்று செய்யுங்கள். தீக்களிமண்ணோடு உமிச் சாம்பல் பாதிக்குப் பாதி. சம்மாந்துறை ஆலைகளில் உமிச் சாம்பலுக்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள். உலை வாயில் வைத்துச் சிவக்கச் சுட்டு, உலர்வாக வைத்திருங்கள். ஊற்றி முடித்ததும் தலையின் மேல் சூடான உமிச் சாம்பலை இரண்டு விரல் தடிப்புக்குக் கொட்டுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, மூசையில் மிஞ்சியதை மெதுவாக விட்டு நிரப்புங்கள்.

ஊற்றும் வெப்பம் 1150 முதல் 1180 பாகைக்குள் இருக்கட்டும். வெள்ளை நிறம் வரும்வரை காத்திருந்தால் வாயுவையும் சுருக்கத்தையும் நீங்களே கூட்டிக்கொள்கிறீர்கள். வெப்பநிலை அளக்க, கே வகை வெப்ப இணை ஒன்று உறையோடு வாங்குங்கள். இண்டக்சன் உலையின் விலையில் அது ஒரு தூசு. தீ நாக்கில் கரும்புகை இருக்கக் கூடாது. செம்பு முழுதாக உருகியதும் மேலே சிரட்டைக் கரி, ஆனால் மாரியில் சாக்கிலிருந்து நேரே அள்ளிப் போடாதீர்கள். தணலாக்கிப் போடுங்கள். எங்கள் அப்பா பச்சைப் பூவரசங் கம்பால் கிண்டுவார். ஒட்சிசன் குறையும், ஐதரசன் ஏறும். அவருக்குக் கைப்பழக்கம் இருந்தது, உங்களுக்கு ஒட்சிசனை நீக்கப் பொஸ்பரஸ் கலந்த செம்பே போதும். எவ்வளவு போடுகிறீர்கள்?

வாழைச்சேனை உலைக்காரன்

ஒரு பிடி, ஐயா. இன்று நிறுத்துப் பார்த்தேன், 110 கிராம். எண்ணெய்ப் பூச்சையும் சொல்லுங்கள், தூரிகையால் வழிய வழியத்தான் பூசுவேன்.

பித்தளைப் பேரன்

வழியும் எண்ணெய் அடியில் தேங்கி எரிந்து வாயுவாகும். உங்கள் அடி வெட்டு 20 மி.மீ. ஆனது அதனால்தான். துணியில் தொட்டு, சுவரில் பளபளப்பு மட்டும் நிற்கும்படி துடையுங்கள், கொஞ்சம் காரீயத்தூள் (பென்சிலில் உள்ள கிராபைட், ஈயம் அல்ல) சேர்த்து.

பொஸ்பரஸ் 15 சதவீதம் உள்ள செம்பு என்றால் 28 கிலோவுக்கு 35 கிராம் போதும். கூடினால் வெறும் வீண்செலவோடு போகாது. வெட்டிய தலைகளும் சீவலும் திரும்பத் திரும்ப மூசைக்கு வருகின்றன அல்லவா? ஒவ்வொரு சுற்றிலும் பழைய பொஸ்பரஸ் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். 0.04 சதவீதம் தங்கினாலே மின்கடத்துதிறனில் கால் பங்கு வரை போய்விடும்.

கல்முனைக் கடைசல்

அல்லாஹ்! நான் அதில் மின்னிணைப்புத் துண்டுகள் அல்லவா செய்து கொடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் சூடேறுகிறது என்று திருப்பிக் கொடுத்தார். திருகாணி தளர்ந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தம்பி, பழைய சீவல் சாக்குகளை இனி எனக்கென்று வார்க்கும் கட்டியில் சேர்க்காதீர்கள், புஷ்ஷுக்கு ஒதுக்குங்கள். நான் தரும் சீவலிலும் வெட்டு எண்ணெய் இருக்கிறது. சோப்பு நீரில் கழுவித்தான் இனித் தருவேன், நீங்கள் காயவைத்துக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனை உலைக்காரன்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். முதல் நாள் ஐஸை மட்டும் நிறுத்தினேன், வேறு எதையும் மாற்றவில்லை. மறுநாள் நானா சீவிவிட்டு, ஒன்றரை மி.மீ.யிலேயே சுத்தமாகிவிட்டது என்று சொன்னார். பிறகு உமிச் சாம்பல் வளையம். முதல் வளையம் ஊற்றும்போதே உடைந்தது. சரியாகச் சுடாதது என் பிழை. இரண்டாவது இதுவரை ஐந்து வார்ப்பைத் தாங்கியிருக்கிறது. அறுத்துப் பார்த்தேன், குழி முழுவதும் வளையத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இப்போது போடுவது 28 கிலோ. அடியில் 10 மி.மீ. வெட்டுகிறேன். தேறுவது விட்டம் 72, நீளம் 300. ஒன்று 10.9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இரண்டும் சேர்த்து 21.7 கிலோ. ஒன்றரை வருடக் கசடை மகன் இடித்து அரித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை ஒரு பால்மா தகரம் நிறையச் செம்பு மணி.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. நேற்று ஒரு கட்டியின் நடு உயரத்தில் மடிப்புப் போல ஒரு கோடு விழுந்திருந்தது.

பித்தளைப் பேரன்

ஊற்றும்போது நடுவில் நிறுத்தினீர்களா?

வாழைச்சேனை உலைக்காரன்

ஆம் ஐயா. ஐஸ்காரர் வாசலில் நின்று, ஏன் இப்போதெல்லாம் கட்டி எடுப்பதில்லை என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன்.

கல்முனைக் கடைசல்

அந்தக் கட்டியை எனக்கு அனுப்ப வேண்டாம்.