ஏற்காட்டு இறக்கத்தில் டியூப் வெடித்தது: ரிம் பிரேக் சைக்கிளை மாற்றத்தான் வேண்டுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியை:

வணக்கம். சேலத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 44. ஒன்பது வருடமாக ஒரே ரோடு சைக்கிள்தான்: அலுமினியச் சட்டம், ரிம் பிரேக் (சக்கர வளையமான ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டைகள் அழுத்தி நிறுத்தும் வகை), 23 மி.மீ. டயர். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பிக் கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்கு ஏறி, ஏரிக்கரையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். வாரத்தில் எனக்கென்று இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

போன ஞாயிறு இறங்கும்போது, 12ஆம் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பின் சக்கரத்தில் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். பின்பக்கம் பாம்பாக நெளிந்தது. முன் பிரேக்கைத் தொடாமல், நேராகப் பிடித்துக்கொண்டு, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். கீழே உட்கார்ந்துவிட்டேன். ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. பால் வண்டிக்காரர் ஒருவர் சைக்கிளோடு என்னை ஏற்றிக்கொண்டுவந்து அடிவாரத்தில் விட்டார்.

எப்போதும் என் சைக்கிளைப் பார்க்கும் பெரியவர் கண் அறுவை சிகிச்சைக்காகக் கடையை மூடியிருக்கிறார். அதனால் வேறொரு பெரிய கடைக்குப் போனேன். "ரிம் சூடேறித்தான் வெடித்தது. மலைக்கு இது ஆபத்து, டிஸ்க் பிரேக் வாங்கிவிடுங்கள்" என்றார்கள். அதில் ரிம்முக்குப் பதில் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைத்தான் கட்டைகள் பிடிக்கும். டயரைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் காட்டிய சைக்கிளின் விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 735 கிலோஜூல், இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான ஆற்றல். பாதியைக் காற்று தின்றாலும் மிச்சம் ரிம்மில்தானே இறங்குகிறது? அவர்கள் சொல்வது சரியோ என்று பயமாக இருக்கிறது. இந்தச் சைக்கிளை விடவும் மனமில்லை.

கொல்லிமலை70:

அக்கா, விழாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் டிஸ்க் பக்கம்தான். 2018 ஜூலையிலேயே சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ரோடு பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்துவிட்டது. இன்று டூர் டி பிரான்ஸ் பார்த்தால் ரிம் பிரேக்கைக் காண்பதே அரிது. கொல்லிமலையில் 70 வளைவுகளையும் மழையில் இறங்கியிருக்கிறேன். ஒரு விரலால் அழுத்தினால் போதும், நிற்கும். ரிம் பிரேக்கில் மழை என்றால் முதல் இரண்டு சுற்று கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும். பணம் புரட்ட முடியுமென்றால் மாறிவிடுங்கள்.

பட்டறைக்காரன், ஈரோடு:

டீச்சர், அந்த டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைப் பார்க்காமல் எவர் என்ன சொன்னாலும் ஊகம்தான். எங்கள் பட்டறையில் 27 வருடமாக முதல் வேலை, ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது.

டயர் பக்கமாக ஒற்றைப் பொத்தல் என்றால் முள். நம் பக்கம் பெரும்பாலும் கருவேல முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் பள்ளத்தில் இறங்கி ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் கடிபட்டிருக்கிறது, காற்று குறைவு. வால்வு அடியில் கிழிந்திருந்தால் பம்பை ஆட்டி ஆட்டி அடித்திருப்பீர்கள். ரிம் பக்கமாக, உள்வட்டத்தில் ஓட்டை இருந்தால் ரிம் டேப்பைச் சந்தேகப்படுங்கள். ஸ்போக்ஸ் துளையை மூடும் பட்டை விலகினாலோ பிளந்தாலோ டியூப் அந்தத் துளைக்குள் பிதுங்கி ஒருநாள் வெடிக்கும். வெறும் சூட்டில் போனால், டயரே ரிம்மை விட்டு விலகி, டியூப் நீளமாகக் கிழிந்திருக்கும்.

இன்னும் இரண்டு பாருங்கள். ரிம்மின் பக்கவாட்டில் கட்டை உரசும் இடத்தில் சிறு குழியோ கோடோ இருக்கும். அது தேய்ந்து மறைந்திருந்தாலும், அந்த இடம் உள்வாங்கியிருந்தாலும் ரிம் முடிந்தது, பேச்சே இல்லை, மாற்றவேண்டும். பிரேக் கட்டையில் அலுமினியத் துணுக்குகள் மின்னினால் ஊக்கால் நெம்பி எடுங்கள். எத்தனை காற்று அடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தம்பி சொல்வதில் தவறில்லை, மழையில் டிஸ்க் நல்லதுதான். ஆனால் 2020 டூர் டி பிரான்ஸில் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சர், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையைப் பறித்த அந்த மலை நேரப் பந்தயத்தில், ஏற்றத்தின் அடியில் மாறி ஏறிய சைக்கிள் ரிம் பிரேக்தான். ஐந்தாறு வருடத்தில் அது கொலைகாரப் பொருளாகிவிடாது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

சமையலறை மேசையில் பிரித்துப் பார்த்தேன். டயரில் ஒரு கீறலும் இல்லை. டியூபின் உள்வட்டத்தில், வட்டமாக ஒரு கிழிசல். வால்வை வைத்து ரிம்மோடு பொருத்தினால் நேர் எதிரே ஸ்போக்ஸ் துளை! பிளாஸ்டிக் டேப் அந்த இடத்தில் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. ஒன்பது வருடமாக அதை நான் மாற்றவே இல்லை. ரிம்மில் குழி தெளிவாகத் தெரிகிறது. கட்டையிலிருந்து நான்கு துணுக்குகள் எடுத்தேன். காற்று 120 பி.எஸ்.ஐ. அடிப்பேன். டயரில் அதிகபட்சம் என்று அச்சிட்டிருப்பது அதுதான்.

பட்டறைக்காரன், ஈரோடு:

அதிகபட்சம் என்பது எல்லை, அளவு அல்ல. உங்கள் எடைக்கு அவ்வளவு தேவையில்லை. சூட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சூட்டில் காற்றழுத்தம் ஏறும், பிளாஸ்டிக் டேப்பும் இளகும். ஏற்கெனவே பிளந்திருந்தது, அங்கே விட்டுக்கொடுத்துவிட்டது. துணி டேப் வாங்குங்கள். துளைகளை முழுதாக மூடவேண்டும், டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் ஏறக்கூடாது. சட்டத்தில் இடம் இருந்தால் 25 டயர் போட்டு, 85 அளவில் தொடங்கிப் பாருங்கள். முன் சக்கரத்தின் டேப்பையும் சேர்த்து மாற்றுங்கள், அதற்கும் அதே வயதுதானே.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். வளைவுக்கு முன் நேர்ச் சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும்.

கொல்லிமலை70:

டேப் என் நினைவுக்கே வரவில்லை அக்கா. இன்று என் சைக்கிளிலும் பிரித்துப் பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

பெரியவர் கடை திறந்துவிட்டார். ஒரு கண்ணில் இன்னும் கறுப்புக் கண்ணாடி. என்னை உட்காரச் சொல்லி, டேப்பை அவரே விரலால் தடவித் தடவி ஒட்டினார். துணி டேப் இரண்டு, 25 டயர் ஒரு ஜோடி, டியூப் இரண்டு, கட்டைகள் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். பழைய பிளந்த டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், பதினொன்றாம் வகுப்புக்குக் காட்டவேண்டும்.

இன்று காலை ஏறி இறங்கினேன். 12ஆம் வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, விரலை வைத்திருக்க முடிந்தது.