பெரியவர் வாய்க்கு எந்த நிப்பிள், எந்தச் சூப்பான்?

அரைத்தூக்கம்:
வணக்கம். வயது 33, கோவை, தனியாக வாடகை வீடு. ஏபிடிஎல் (பெரியவர்கள் குழந்தை மாதிரி பாட்டில், சூப்பான் வைத்துக்கொண்டு ஆறுதல் தேடுவது) பக்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எனக்கு இது படுக்கையறை விஷயம் இல்லை. சனிக்கிழமை ராத்திரி போனை அணைத்துவிட்டு, போர்வைக்குள் சுருண்டு, பாட்டிலில் பால் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எதைப் பற்றியும் யோசிக்காமல் கிடப்பேன், அவ்வளவுதான். சிக்கல் சாமான்களில்தான் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "அக்கா பையனுக்கு" என்று பொய் சொல்லி ஒரு பால் பாட்டில் வாங்கினேன். 100 மில்லி குடித்து முடிப்பதற்குள் தாடை வலிக்கிறது, உறிஞ்ச உறிஞ்ச நிப்பிள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, வயிறு முழுக்கக் காற்று. கூடவே வாங்கிய சிலிக்கான் சூப்பான் மூன்றாம் வாரமே கடித்த இடத்தில் கிழிந்துவிட்டது, உதட்டுக்கு வெளியே நிற்க வேண்டிய தகடும் சின்னது, உதட்டுக்குள்ளேயே போய்விடும் போல இருக்கிறது. பெரியவர்களுக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டுமா, இல்லை குழந்தைச் சாமானிலேயே சரியானது இருக்கிறதா? படத்தைப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது.

வெள்ளிச்சங்கு:
தம்பி, அழகைப் பார்த்து வாங்கித்தான் நாங்களும் காசைத் தொலைத்தோம். என் கணவருக்கு இந்தப் பழக்கம் உண்டு, கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். நான்தான் அவருக்கு எல்லாம் வாங்குவது, கழுவுவது. (எங்கள் வீட்டில் எல்லோரும் சங்கிலும் பாலாடையிலும் வளர்ந்தவர்கள், பாட்டிலை நான் முதன்முதலில் கையில் எடுத்ததே இவருக்காகத்தான்!)

முதலில் பாட்டில். நீங்கள் வாங்கியது அநேகமாகப் பிறந்த குழந்தைக்கான நிப்பிள், ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பச்சைக் குழந்தைக்குப் புரையேறக் கூடாது என்று வேண்டுமென்றே மெதுவாக வரும்படி செய்தது அது, பெரிய ஆள் உறிஞ்சினால் தாடைதான் வலிக்கும். பெட்டியில் மாதக் கணக்கு போட்டிருப்பான், அதில் கடைசிப் படியை எடுங்கள். அதைவிட நல்லது கஞ்சி மாதிரிக் கெட்டியானதற்கு விற்கிற நிப்பிள், நுனியில் ஓட்டைக்குப் பதிலாக ஒய் மாதிரி ஒரு கீறல் இருக்கும். உறிஞ்சும்போது மட்டும் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஊசியைக் காய்ச்சி ரப்பர் நிப்பிளில் ஓட்டையைப் பெரிதாக்குவார்களே, அதைச் சிலிக்கானில் செய்யாதீர்கள். அந்த ஓட்டையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும்.

நிப்பிள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் காற்று உள்ளே போகாததுதான். நிப்பிளின் அடியில் குட்டியாக ஒரு காற்றுத்துளை இருக்கும், மூடியை இறுக்கித் திருகினால் அது அடைபட்டுவிடும். கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அகல வாய் பாட்டில் வாங்கினால் கழுவுவதும் சுலபம், நிப்பிளும் அகலமாக இருப்பதால் பெரிய வாய்க்குப் பொருந்தும்.

சூப்பான் பற்றி எனக்கு ஒன்றுதான் தெரியும்: குழந்தைச் சூப்பான் வேண்டவே வேண்டாம்.

கடைவாய்ப்பல்:
பல் மருத்துவம்தான் தொழில், இதிலும் ஆர்வம் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் பேசக் கிடைப்பது அபூர்வம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கா சொன்னது சரி. குழந்தைச் சூப்பானின் தகடு குழந்தையின் வாய்க்குள் போகாத அளவுக்குத்தான் செய்யப்படுகிறது. அமெரிக்க விதியில் அதைச் சோதிப்பது 42.7 மில்லிமீட்டர் வட்டத் துளை வழியாக இழுத்துப் பார்த்துத்தான். நம் வாய் அதைவிட எவ்வளவு பெரிது என்று கண்ணாடியில் திறந்து பாருங்கள். தூக்கத்தில் முழுதாக உள்ளே போய்விட்டால் விளையாட்டு இல்லை. அதே விதிப்படி தகட்டில் குறைந்தது இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், மூச்சுக்காகத்தான். பெரியவர்களுக்கென்று விற்கிற பலவற்றில் தகடு பெரிதாக இருக்கும், ஆனால் கல் பதித்து, படம் ஒட்டி அந்தத் துளையையே மூடிவைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதைத் தொடாதீர்கள். ஒட்டிய கல் கழன்றால் அதுவும் தொண்டைக்குள்தான் போகும்.

அடுத்தது சிலிக்கானா ரப்பரா என்பது. சிலிக்கானுக்கு வாசனை கிடையாது, கொதிநீரைத் தாங்கும், பால் கறை பிடிக்காது, ஆனால் ஒரு இடத்தில் பல் பட்டு வெட்டிவிட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழியும். உங்களுக்கு நடந்தது அதுதான். தேன் நிறத்தில் இருக்கிற ரப்பர், அதாவது லேட்டெக்ஸ், கடியை நன்றாகத் தாங்கும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் வெயில், எண்ணெய், திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பது எல்லாம் அதைக் கெடுக்கும், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். வாழைப்பழமோ பப்பாளியோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறவர்கள் லேட்டெக்ஸ் பக்கம் போவதற்கு முன் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நீங்கள் சப்புகிறவரா கடிக்கிறவரா என்று முதலில் கவனியுங்கள். கடிக்கிறவர் என்றால் ரப்பர், சப்புகிறவர் என்றால் சிலிக்கான். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் வாயில் வைக்கும் முன் கையால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், வெடிப்போ ஒட்டலோ தெரிந்தால் நேராகக் குப்பைத்தொட்டிதான்.

பல் நகருமா என்று எல்லோரும் கேட்பார்கள். நகரும். பெரியவர்களுக்கும் நகரும், கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவதே அந்த நம்பிக்கையில்தானே. வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கவலையே வேண்டாம். தினமும் ராத்திரி முழுக்க வாயில் வைத்துத் தூங்குகிறவர்களுக்குத்தான் முன்பல் இடைவெளி வரும், தாடை மூட்டும் வலிக்கும். கிளிப் போட்டுக் கழற்றியவர்கள் இன்னும் ஜாக்கிரதை. உருண்டை நிப்பிளைவிட ஒரு பக்கம் சப்பையாக இருக்கிற ஆர்த்தோடான்டிக் வடிவம் முன்பல்லில் கொஞ்சம் குறைவாக அழுத்தும், ஆனால் அதைச் சர்வரோக நிவாரணி மாதிரி விற்பதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, பாலோ ஜூஸோ குடித்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், சர்க்கரை அப்படியே பல்லில் நிற்கும். பாட்டில் குழந்தைகளுக்கு முன்பல் சொத்தை வருவது அதனால்தான், நமக்கும் விதிவிலக்கு கிடையாது. மல்லாந்து படுத்துக் குடிக்க வேண்டாம், முதுகுக்கு இரண்டு தலையணை வையுங்கள். கடைசியில் ஒரு வாய் தண்ணீர்.

குளிர்மாடி:
நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ. எங்கள் பக்கம் சூப்பி, போத்தல் என்றுதான் சொல்வோம், சூப்பான் என்று வாசிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, குறை நினைக்க வேண்டாம்.

அளவு விஷயத்தில் ஒரு சொல் தெரிந்திருந்தால் தேடுவது லேசு. பெரியவர்களுக்கான சூப்பி விற்கிறவர்கள் "நுக் 5" என்று எழுதியிருப்பார்கள். நுக் என்பது ஜெர்மன் பிராண்ட், அந்தச் சப்பை வடிவத்துக்குப் பேர்போனது. குழந்தைகளுக்கு 1, 2, 3 என்று மாதப்படி போகும், 5 என்றால் பெரிய வாய்க்குரிய நிப்பிள் என்று இந்த வட்டாரத்தில் விளங்கிக்கொள்வார்கள். விலை கூடத்தான், ஆனால் மூன்று குழந்தைச் சூப்பியைக் கடித்துக் கிழித்த காசைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும். நான் முதலில் வாங்கியதில் தகடு நேராக இருந்தது, அரை மணியில் உதட்டைச் சுற்றிச் சிவந்து தழும்பு. உதட்டு வளைவுக்குப் பொருந்த உள்பக்கம் வளைந்த தகடாகப் பாருங்கள்.

கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுகிற பழக்கம் இருந்தால் நித்திரைக்கு முன் கழற்றிவிடுங்கள். ஐரோப்பிய விதியில் குழந்தைச் சூப்பியைச் சட்டையோடு பிணைக்கிற கிளிப் நாடாவின் நீளமே 22 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சட்டையில் குத்துகிற குட்டிக் கிளிப் போதும்.

வெள்ளிச்சங்கு:
கழுவுவதைச் சொல்ல மறந்துவிட்டேன். கொதிக்க வைத்த சூப்பானின் உள்ளே வெந்நீர் புகுந்து நிற்கும், எடுத்தவுடன் வாயில் வைத்தால் நாக்கு வெந்துபோகும். ஒரு தடவை எங்கள் வீட்டில் நடந்தது, மனுஷன் இரண்டு நாள் தயிர் சாதம்தான். ஆறவிட்டு, நன்றாகப் பிதுக்கி, தண்ணீர் போனபின் துணியில் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் உள்ளே கறுப்பு படியும்.

அப்புறம், பாலைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றாதீர்கள். பாலிப்ரோப்பிலீன் பாட்டிலில் சூடு ஏற ஏற நுண்ணிய பிளாஸ்டிக் துகள் அதிகமாகக் கலக்கிறது என்று 2020-இல் டப்ளினிலிருந்து ஆய்வு வந்தது. வேறு பாத்திரத்தில் ஆற்றிக் குடிக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். நாங்கள் கண்ணாடிக்கே மாறிவிட்டோம், கை தவறினால் உடையும் என்பதால் மேலே சிலிக்கான் உறை.

அரைத்தூக்கம்:
அக்கா, டாக்டர், டொராண்டோ நண்பர், மூன்று பேருக்கும் நன்றி. நேற்று முதல் காரியமாக மூடியைக் கால் சுற்று தளர்த்தினேன், நிப்பிள் ஒட்டவே இல்லை! இத்தனை நாள் இறுக்கித் திருகியதுதான் காரணம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒய் கீறல் நிப்பிள் அதே மெடிக்கல் ஷாப்பில் இருந்தது. "பையன் வளர்ந்துட்டானா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். யோசித்துப் பார்த்தால் நான் கடிக்கிறவன்தான், அதனால் ரப்பரில் நுக் 5, வளைந்த தகடு. கூரியர் பெட்டியில் மட்டும் என்ன எழுதி வருமோ தெரியவில்லை, வீட்டு ஓனர்தான் வாங்கி வைப்பார்.

குளிர்மாடி:
ஓர்டர் போடும் முன் கடைக்காரருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பெயர் இல்லாத பெட்டியில்தான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் கூரியர் அலுவலகத்திலேயே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.