சித்திரை மரதன்: ஏழரைக்கா, விடியவா?

வாய்க்கால்கரை:
எங்கள் ஊர் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம். விளையாட்டுக் கழகம் இந்தப் புத்தாண்டுக்கும் 10 கிலோமீற்றர் வீதியோட்டம் வைக்கிறது. காலை 7.30க்குத் தொடக்கம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. 5.30க்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டேன். விருந்தினர் வரவேண்டும், சனம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். போன வருடம்தான் முதன்முதலாக ஓடினேன். 7.30 என்று சொல்லி 8.10க்குத்தான் விசில் ஊதினார்கள். பாதி வழியில் எனக்கு முன்னால் ஒரு பொடியன் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தான். வீதி ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே காலை வைத்து வைத்து ஓடினான். முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தால், தார் சுடுகிறது, கோடு அவ்வளவு சுடவில்லை. எட்டாவது கிலோமீற்றரில் தண்ணி மேசையைக் கழற்றி லாண்ட்மாஸ்டரில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஈர மண்ணும் நாலு கப்பும்தான் கிடந்தன. எனக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நேரத்தை மாற்றுங்கள், கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள். இரண்டே கோரிக்கை.

பழைய மைதானம்:
தங்கச்சி, நான் முப்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓடப் பழக்கியவன். இந்த ஓட்டம் ஊர்த் திருவிழா மாதிரி. படலைக்குப் படலை சனம் நின்று கைதட்ட வேண்டும், அப்பத்தான் ஓடுகிற பிள்ளைக்கு வேகம் வரும். விடிய 5.30க்கு யார் நிற்பார்கள்? முன்னால் வரும் பொடியன்கள் 35, 40 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவர்களில் ஒருவன் மாகாண மட்டத்துக்குப் போனால் அதுதான் எங்களுக்குப் பலன். உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்கள் எந்த நாளும் ஓடலாமே.

இன்னொன்று, இதை மரதன் என்று சொல்வதை நிறுத்துங்கள். மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர்.

முறிகண்டிக் கச்சான்:
மாஸ்டர், இங்கே மூன்று மைல் ஓடினாலும் மரதன்தான், அதை விடுங்கோ. வெள்ளைக்கோட்டில் ஓடினது நானாக இருக்கலாம், அக்கா. இல்லாவிட்டால் என்னைப்போல இன்னொருவன். சப்பாத்து வாங்க வசதியில்லாதவன் எல்லாரும் அந்தக் கோட்டைத்தான் பிடிப்பான். நான் நாலாவதாக வந்தேன், இரண்டு உள்ளங்காலும் கொப்புளம், ஒரு கிழமை வயலுக்கு இறங்க முடியவில்லை. முன்னால் ஓடுகிறவனுக்கு வெயில் படாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

குளத்தடி:
நானும் நேரம் மாற்றுவதற்கு எதிர்தான், ஆனால் காரணம் வேறு. யானை. 5.30க்கு அந்த வீதியில் வெளிச்சமே இல்லை. குளத்தில் தண்ணி குடித்துவிட்டு விடியப்புறம்தான் அவை வீதியைக் கடந்து காட்டுக்குத் திரும்புகின்றன. போன மாதமும் எங்கள் வேலியை முறித்துக்கொண்டுதான் போயின. அந்த இருட்டில் நூறு பிள்ளைகளை விடுவீர்களா? இது கொழும்பு இல்லை, காலிமுகத்திடலும் இல்லை.

இன்னொரு விசயம். விடியற்காலைதான் காற்றில் ஈரப்பதம் கூட. வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். 2019இல் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். 68 பேர் ஓடத் தொடங்கி 28 பேர் முடிக்கவில்லை. வெயில் இல்லையென்றால் சுகம் என்று நினைக்காதீர்கள்.

மருந்தறை:
நான் தாதி. அண்ணை சொல்லும் ஈரப்பதக் கதை சரிதான், வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆனால் டோஹாவில் நள்ளிரவிலும் 30 பாகைக்கு மேல், ஓடியது 42 கிலோமீற்றர். எங்கள் விடியற்காலை அவ்வளவு கொதிக்காது. நேர் வெயிலும் தாரின் சூடும் இல்லாமல் போவதே பெரிய வித்தியாசம். சித்திரை நடுவில் சூரியன் எங்களுக்கு உச்சம் கொடுக்கிற காலம், எட்டு மணி வெயிலே தோலைப் பிடித்து இழுக்கும்.

நேரத்தைவிட எனக்குப் பயம் வேறொன்றில். விழுந்தவரை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தடுமாறி, பேச்சுக் குழம்பி, விழுந்தால் உள்ளுடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறப்பதுதான் வழக்கம். அது பிழை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், அது வரும்வரை அந்த இடத்திலேயே குளிர்த்துங்கள். முதலில் குளிர்த்துவது, பிறகுதான் ஏற்றுவது.

குளிர்த்தத் தொட்டி தேவையில்லை, ஒரு தறப்பாள் போதும். ஆளை நடுவில் கிடத்தி, தலையை உயர்த்திப் பிடித்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டில் மாதிரி ஆக்கி, ஐஸ் தண்ணியை ஊற்றி, தண்ணி உடம்பெல்லாம் படும்படி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இது வைத்தியர்கள் ஆய்வு செய்து ஒப்புக்கொண்ட முறை. ஐஸுக்கு முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு அடிக்கும் ஐஸ் இருக்கிறது, இரண்டு ரெஜிபோம் பெட்டி நிறைய எடுத்தால் போதும். தறப்பாள் இல்லாத வீடு வன்னியில் உண்டா?

பழைய மைதானம்:
பிள்ளை, இது எனக்குத் தெரியாது. நாங்கள் தலையில் தண்ணி ஊற்றி, வாயில் சோடா கொடுத்துத்தான் பழக்கம்.

மருந்தறை:
மயக்கத்தில் இருப்பவருக்கு வாயால் ஒன்றும் கொடுக்கவே கூடாது, மாஸ்டர். ஓடுகிறவர்களுக்கும் மேசைக்கு மேசை வயிறு முட்டக் குடி என்று சொல்லாதீர்கள். அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணி குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவும் ஆபத்து. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்த பிறகு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ மோரோ நல்லது.

வாய்க்கால்கரை:
யானை விசயத்தில் குளத்தடி அண்ணையிடம் தோற்கிறேன். இருட்டில் ஓட வேண்டாம். நிலம் தெளிகிற நேரம், 6.00 மணி. பொலிஸிடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் முதல்நாளே சொல்லி வைக்கலாம், காட்டோரம் இரண்டு மோட்டார் சைக்கிள் முன்னால் போகட்டும். 7.20க்கு எல்லோரும் முடித்துவிடுவோம். விருந்தினர் பரிசு கொடுக்க எட்டு மணிக்கு வரட்டும்.

மாஸ்டர், நீங்கள் சொன்ன ஒன்று மட்டும் மனதில் தைத்துக்கொண்டு இருக்கிறது. உடற்பயிற்சிக்காரர் எந்த நாளும் ஓடலாம் என்றீர்கள். ஓட முடியாது, மாஸ்டர். மற்ற நாளில் நான் ஓடினால் "என்ன அவசரம், யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள். ரீசேட்டில் இலக்கம் குத்தியிருக்கிற அந்த ஒரு நாளில்தான் ஒருவரும் கேட்பதில்லை. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் எடுத்தார். எங்களுக்குப் பக்கத்து ஊர். பலன் பொடியன்களிடமிருந்து மட்டும்தான் வரும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

முறிகண்டிக் கச்சான்:
அக்காவின் பக்கம்தான் நான். ஆனால் முடித்த எல்லாருக்கும் பதக்கம் என்று இனிக் கேட்டுவிடாதீர்கள். அந்தக் காசில் பத்துச் சோடி சப்பாத்து வாங்கலாம்.

வாய்க்கால்கரை:
பதக்கம் கேட்கவில்லை, தம்பி. தண்ணி மேசைதான் கேட்கிறேன்.

குளத்தடி:
6.00 என்றால் எனக்கு மறுப்பில்லை. தொடங்கும் இடத்தைச் சந்திப் பக்கம் மாற்றி, காட்டு வளைவைக் கடைசிப் பகுதியில் வையுங்கள். அங்கே வரும்போது நன்றாக விடிந்திருக்கும்.

பழைய மைதானம்:
சனம் வராது என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. கைதட்டு இல்லாத ஓட்டம் ஓட்டமில்லை. ஆனால் தங்கச்சி, இலக்கம் குத்துகிற கதையை நான் இதுவரை யோசித்துப் பார்க்கவில்லை. என் மருமகளும் ஒருமுறை ஓடட்டுமா என்று கேட்டவள். பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கழகக் கூட்டத்தில் 6.00 மணியைப் பற்றி நானே பேசுகிறேன். எட்டாவது கிலோமீற்றர் மேசை என் வீட்டுப் படலைக்கு நேரே வருகிறது. அண்டா என்னிடம் இருக்கிறது, தறப்பாளும் இருக்கிறது. பிள்ளை, மருந்தறை, கூட்டத்துக்கு வந்து அந்தத் தொட்டில் வேலையைக் காட்டித் தர முடியுமா?

மருந்தறை:
ஞாயிறு எனக்கு இரவு டியூட்டி, பகலில் வரலாம். ஆட்டிப் பார்க்க நாலு பேரும், படுக்க ஒருவரும் தயாராக இருக்கட்டும்.

முறிகண்டிக் கச்சான்:
நான் படுக்கிறேன்.