புதுப்பிப்பு: மென் பிளாஸ்டிக் தூண்டில் இரைகளில் காற்றுக் குமிழிகள்

மென் பிளாஸ்டிக் இரைகளை அச்சில் வார்க்கும்போது வாலிலும் உடலிலும் குமிழிகள் விழுவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் ஒன்றல்ல, இரண்டு என்று இப்போது தெரிந்துவிட்டது. வாலில் இருந்தது, பிளாஸ்டிசாலை (சூடாக்கி ஆறவிட்டால் மென் பிளாஸ்டிக்காகும் திரவத்தை) வேகமாகக் கலக்கியபோது உட்புகுந்த காற்று. ஆகவே மெதுவாகக் கலக்கி, ஏறத்தாழ 175 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, குமிழிகள் மேலெழுந்து உடையும்வரை அசையாமல் வைத்திருந்து, இன்ஜெக்டரின் (அச்சுக்குள் பிளாஸ்டிசாலைச் செலுத்தும் ஊசிக்குழல் போன்ற கருவியின்) முனை முழுவதும் மூழ்கியிருக்கும்படி மெல்ல உறிஞ்சுகிறேன்.

தடித்த உடற்பகுதியில் இருந்தவையோ குமிழிகளே அல்ல, பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கியதால் உண்டான வெற்றிடங்கள். அச்சு நிரம்பியவுடன் இன்ஜெக்டரை எடுத்துவிடாமல், அச்சின் நுழைவாயில் உள்ள பிளாஸ்டிக் கெட்டிப்படும்வரை அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்ததில் அவை மறைந்துவிட்டன. அச்சில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது; சூடான பிளாஸ்டிசால் பட்டதும் அது நீராவியாகித் தெறிக்கும் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள்.