ஊரில் மனநலக் கூட்டம் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எது பலன் தருகிறது, எது கெடுக்கிறது?

வாசகர் வட்டப் பொறுப்பாளர்

அக்டோபர் 10 உலக மனநல நாளுக்குக் கிளை நூலகக் கூடத்தில் கூட்டம் வைக்கிறோம். 60 நாற்காலி, 2 மணி நேரம். மனநல மருத்துவர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். 'பைத்தியம்' என்று ஆளை ஒதுக்கும் வழக்கம் கொஞ்சமாவது குறைய வேண்டும், அதற்காகத்தான் இது. நடைமுறை விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சமூகப் பணியாளர், மாவட்ட மனநலத் திட்டம்

மருத்துவருக்கு 15 நிமிடம் போதும் ஐயா. ஒரு மணி நேரம் அறிகுறிகளை அடுக்கினால், கேட்டவர்களுக்கு நோயின் பெயர் தெரியும், பயம் போகாது. மீண்டு வந்து வேலை வெட்டியோடு இருக்கும் ஒருவரை நேரில் பார்த்துப் பேசும்போதுதான் பெரியவர்களின் மனசு மாறுகிறது. 2012இல் அமெரிக்க உளவியலாளர் காரிகன் குழுவினர் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. பதின்வயதுப் பிள்ளைகளிடம் பாடமாகச் சொல்வது கூடுதலாக எடுபட்டது. அதனால் இதே நிகழ்ச்சியை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மீண்டவரை மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, 'பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்' என்று அறிமுகம் செய்தால் அத்தனையும் வீண். பரிதாபமும் ஒரு வகை விலக்கிவைப்புதான். எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி போடுங்கள். அவர் 20 நிமிடம் பேசட்டும், அதில் நோயைப் பற்றி 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மிச்சம் வேலை, பிள்ளைகள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எப்படி நாள் ஓடுகிறது என்பது. பிறகு 8 பேர் கொண்ட வட்டங்களாகப் பிரிந்து 40 நிமிடம் பேச்சு. முடிந்தால் வட்டத்துக்கு ஒருவர் என மீண்டவர்களோ குடும்பத்தாரோ உட்காரட்டும்.

பேசப்போகும் மீண்டவரைத் தயார்ப்படுத்தத் தனியாக இரண்டு அமர்வு தேவை. முதல் அமர்வில், எதையெல்லாம் சொல்ல மாட்டார் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதில் சங்கடமான கேள்விகளுக்கு ஒத்திகை. 'கல்யாணம் ஆயிடுச்சா?', 'மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்?', இந்த இரண்டும் கட்டாயம் வரும். அன்று காலையில் 'வரவில்லை' என்றாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். மருத்துவருக்குக் கார் அனுப்பிவிட்டு இவருக்குப் பஸ் காசு மட்டும் கொடுப்பது சரியில்லை, மதிப்பூதியம் கொடுங்கள். மறுநாள் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

முதல் தடவை பக்கத்துத் தாலுகாவிலிருந்து அழைப்பது நல்லது. உள்ளூர்க்காரர் பேசினால், அவர் தங்கைக்கு வரும் வரன்வரை அந்தப் பேச்சு போய்ச் சேரும். அதனால் யார் பேசினாலும் குடும்பத்தாரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மனநலச் செவிலியர்

அக்கா சொன்னதோடு பேனரையும் கவனியுங்கள். 'மனநோய் விழிப்புணர்வு முகாம்' என்று அச்சடித்தால், வாசலில் நிற்பவரை யார் பார்ப்பார்கள் என்ற பயத்திலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். 'தூக்கம், கவலை, குடி, மறதி: கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்' என்று போட்டால் வருவார்கள்.

சொற்களில் அதிகம் காயப்படுத்துவது, ஸ்கிசோஃப்ரினியா நோய்க்கு நாம் சொல்லும் 'மனச்சிதைவு'. சிதைந்தது திரும்பி ஒட்டாது என்றுதான் காதில் விழுகிறது. ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் இருந்த பெயரை 2002இல் 'ஒருங்கிணைப்புக் கோளாறு' என்ற பொருளுக்கு மாற்றினார்கள். கொரியாவிலும் நரம்பு வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதுப்பெயர் எடுத்தார்கள். எவ்வளவு அழகான யோசனை! நம்மிடம் அப்படி ஒரு சொல் நிலைக்கும்வரை, 'காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது' என்று அனுபவத்தையே சொல்லுங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பேசுபவர் சிரிப்புக்காகக்கூட 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லாதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களை நல்லெண்ணத்தோடு செய்து கெடுத்துக்கொள்வார்கள். ஒன்று, 'இது மூளையின் ரசாயனக் கோளாறு' என்று மட்டும் விளக்குவது. நோயாளியைப் பழிப்பது குறையும், ஆனால் 'அப்படியானால் தேறவே மாட்டான்' என்ற எண்ணம் வந்து ஆட்கள் இன்னும் தள்ளிப் போவார்கள். தேறும் என்பதைக் கூடவே சொல்ல வேண்டும். இன்னொன்று, ஹெட்போனில் மிரட்டும் குரல்களைக் கேட்க வைத்து 'நோயாளிக்கு இப்படித்தான் இருக்கும்' என்று காட்டுவது. இரக்கம் வருகிறது, கூடவே விலகி நிற்கும் ஆசையும் வளர்கிறது. கல்லூரிகளில் இது பிரபலமாக இருக்கிறது, வேண்டவே வேண்டாம்.

வில்லுப்பாட்டுக் கலைஞர்

கலை நிகழ்ச்சி சேர்ப்பதென்றால் 25 நிமிடத்துக்குள் முடியுங்கள். சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடும் கோமாளி வேண்டாம். சிரித்த ஜனம் அதற்குப் பிறகு வரும் எதையும் காதில் வாங்காது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் போடும் 'ஆமா' நல்ல கருவி. முதலில் ஊர் வம்புக்கெல்லாம் 'ஆமா' போட்டவர், பாதியில் 'ஆமாவா?' என்று இழுத்தால் கூட்டம் தானாக நிமிரும். வீட்டுக்காரர்கள் என்ன செய்வதென்று திகைக்கும் இடத்தில் கதையை நிறுத்தி, அடுத்து என்ன என்று சபையைக் கேளுங்கள்.

கோடங்கியையும் தர்காவையும் கேலி செய்யாதீர்கள். ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தது யாரும் மறக்கக் கூடாத கொடுமை. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது, இதை உரக்கச் சொல்லுங்கள். ஆனால் சாமியிடம் போவதைத் தடுத்தால் வீட்டார் உங்களிடம் வர மாட்டார்கள். ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த 'தவா-துவா' திட்டம் வந்தது இந்தப் புரிதலில்தான். 'கோயிலுக்குப் போங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க', இதுதான் வசனம்.

வாசகர் வட்டப் பொறுப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. கேள்வி நேரத்தை எப்படி நடத்துவது? போட்டோ எடுக்கலாமா?

மனநலச் செவிலியர்

மைக்கைக் கையில் கொடுத்தால் ஒருவரும் தன் வீட்டுப் பிரச்சினையைக் கேட்க மாட்டார். பெட்டி வைத்து 'விரும்பினால் எழுதிப் போடுங்கள்' என்றாலும், எழுதுகிறவரை அக்கம்பக்கம் கவனிக்கும். 60 பேருக்கும் ஒரே அளவுத் தாளும் பென்சிலும் கொடுத்து, எல்லோரும் மடித்துப் போட வேண்டும், வெற்றுத்தாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

தற்கொலை பற்றிக் கேள்வி வந்தால், எந்த வழி என்ற விவரத்துக்குள் போகவே கூடாது. 'முயன்றவர் மேல் போலீஸ் கேஸ் வருமா?' என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. அந்த விளக்கத்தை மருத்துவர் கொடுக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி) எண்ணையும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். யாராவது உடைந்து அழுதால் கூட்டிப்போய் உட்கார வைக்கத் தனி அறை, கூடவே இருக்க ஒரு ஆள், இரண்டையும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

போட்டோவுக்கு ஒரே விதி: பின்வரிசையிலிருந்துகூடச் சபையை எடுக்க வேண்டாம். மேடையும் கோலமும் போதும். சிகிச்சையில் இருப்பவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அதைவிட வேகமாகப் பரவும், ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

சமூகப் பணியாளர், மாவட்ட மனநலத் திட்டம்

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று பாக்கி. கூட்டத்துக்கு முந்தைய வாரம் தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போய், மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், மருந்து இருப்பு இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். தைரியம் திரட்டி வந்தவரிடம் 'மாத்திரை இல்லை, அடுத்த மாசம் வாங்க' என்றால் அதோடு சரி. வாசலில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை போட்டு, மனநல மருத்துவரிடம் அனுப்பும் சீட்டையும் அதே மேசையில் எழுதிக் கொடுத்தால் யார் எதற்கு நின்றார் என்று தெரியாது.

பலன் தெரிய, 'நிகழ்ச்சி பிடித்ததா?' என்று கேட்க வேண்டாம். 'மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கு வீடு வாடகைக்கு விடுவீர்களா? பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வீர்களா?' என்று தொடங்குமுன் ஒருமுறை, 3 மாதம் கழித்து ஒருமுறை பெயரில்லாமல் கேளுங்கள். மருத்துவமனையில் உங்கள் சீட்டோடு எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எண்ணச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கிராமங்களுக்கும் சொல்ல வேண்டுமானால் அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது. கூட்டத்துக்கு 8 நாள் முன்னால், துண்டுச் சீட்டை அங்கேயே கொடுத்துவிடலாம்.